கயிற்றுக்கு அந்தப்பக்கம் நான்கு முட்டை

மணல் என்ன நிறம் என்று யாராவது கேட்டால் சட்டென்று பதில் சொல்லிவிடாதீர்கள். நான் சொன்னேன். மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் கூரியரில் திரும்பி வந்தது.

அவிநாசிப் பக்கம் எங்களுக்குச் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி. நானும் என் மனைவியின் தம்பி செந்திலும் சேர்ந்து நடத்துகிறோம். இத்தனை காலம் யாரோ ஏஜெண்ட் பிடித்துத் தரும் ஆர்டரைத் தைத்துக் கொடுத்தோம். சட்டை எந்த நாட்டுக்குப் போகிறது என்பதையே அட்டைப்பெட்டியில் ஒட்டும் சீட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். முதல் முறையாக எங்கள் பெயரைத் தேடி நேரடியாக ஓர் ஆர்டர் வந்தது. நெதர்லாந்துக் கடற்கரையில் மணல்மேடுகளைக் காப்பகமாக அறிவித்துப் பாதுகாக்கிறார்கள். அங்கே பறவைக் கூடுகளுக்குக் காவல் இருப்பவர்களுக்கு டீ-ஷர்ட் வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை: அதைப் போட்டுக்கொண்டு மணலில் படுத்தால் ஆள் தெரியக் கூடாது.

செந்தில் சிரித்தான். "மண்ணுக் கலருதானுங்க மச்சான்? வெள்ளை பனியனப் போட்டுக்கிட்டு ஒரு நாள் லாரி ஸ்டாண்டுல நின்னா வந்துருமுங்க."

வரவில்லை. முதல் மாதிரிக்கு 'பால் கலந்த தேநீர்' என்று பதில் வந்தது. இரண்டாவதற்குக் 'காய்ச்சல்காரரின் தோல்'. மூன்றாவதற்கு 'இது எந்த நாட்டு மணல்?' என்று ஒரு கேள்வி மட்டும். அனுப்பியவர் லீஸ்பெத் என்னும் அம்மையார். அங்கே கொள்முதல் அவர் பொறுப்பு. நான்காவதும் சரியில்லை என்றால் ஆர்டர் வேறு நாட்டுக்குப் போய்விடும் என்று கடைசி வரியில் எழுதியிருந்தார்.

எனவே நான்காவது மாதிரியைக் கூரியரை நம்பி அனுப்பவில்லை. வீரபாண்டிச் சாயப்பட்டறையில் நானே நின்று சாயம் ஏற்றி, அரை மீட்டர் துணியும் அதே துணியில் தைத்த ஒரு சட்டையுமாக நானே கிளம்பினேன். சட்டையை எனக்கே போட்டு அனுப்பினான் செந்தில். "ஹேங்கர் செலவு மிச்சமுங்க" என்றான்.

போய் இறங்கிய இரவு விடுதி. வரவேற்பில் இருந்த பெண் ஓர் அட்டையைக் கொடுத்து இதுதான் சாவி என்றார். அறைக்குள் சுவரில் ஒரு பொந்து. அதில் அட்டையைச் செருகி வைத்தால் தொலையாது போலிருக்கிறது, நல்ல ஏற்பாடு என்று செருகினேன். படுக்கப் போகும்போது, சாவியைச் சுவரில் விட்டுவிட்டுத் தூங்குவது சரியில்லை என்று எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் கரண்ட் போய்விட்டது. போன் சார்ஜ் ஏறவில்லை. முன்னேறிய நாடுதான், ஆனாலும் கரண்ட் என்றால் போகத்தானே செய்யும். விருந்தாளியாக வந்த இடத்தில் இதையெல்லாம் சொல்லிக் காட்டுவது மரியாதையா? காலையில் கீழே போனபோது, "எல்லாம் வசதியா?" என்று கேட்டார்கள். ரொம்ப வசதி என்றேன். கையிலிருந்த பவர் பேங்க்கை வைத்துச் சமாளித்துக்கொண்டேன்.

லீஸ்பெத்தின் அலுவலகத்தில் சரியாக மதியச் சாப்பாட்டு நேரம். எங்கள் ஊர் வழக்கப்படி அவர் "சாப்பிட்டீங்களா" என்று கேட்பார், நான் "ஆச்சுங்க" என்று பொய் சொல்வேன், அவர் விடமாட்டார், இலை விழும் என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன். அவர் கேட்டார். நான் ஆச்சு என்றேன். "நல்லது" என்று சொல்லிவிட்டு அவர் தன் ரொட்டியைப் பிரித்தார். ரொட்டி, நடுவில் பாலாடைக்கட்டி, பக்கத்தில் ஒரு டம்ளர் மோர். சத்தியமாக மோர்தான். உப்பில்லை, கறிவேப்பிலை இல்லை, பெருங்காயம் இல்லை. ஆனாலும் ஐயாயிரம் மைலுக்கு அப்பால் பார்த்த மோரை நான் பார்த்த பார்வையில் அவருக்கே கஷ்டமாகி எனக்கும் ஒரு டம்ளர் தந்தார்.

பிறகு என் மார்பைப் பார்த்தார். அதாவது சட்டையை. "மஞ்சளாக இருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை" என்றார்.

எங்கள் பக்கம் ஒருவர் வேண்டாம் என்று சொல்வதற்குக் காபி வரும், மழை பற்றிப் பேச்சு வரும், "பார்க்கலாமுங்க" என்று ஒரு வார்த்தை வரும். வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான், வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார் என்பது உறைக்கும். இவர்கள் பேச்சில் 'ங்க' கிடையாது. என் மொழிபெயர்ப்பில் விட்டுப் போனது என்று நினைக்காதீர்கள். அவர்களிடம் அந்தச் சரக்கே இல்லை.

நான் மெதுவாக மேலே காட்டினேன். "இது டியூப் லைட்டுங்க. துணியை வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும்." அது பனியன் தொழிலின் பாலபாடம். அறைக்குள் ஒரு நிறம், வெயிலில் ஒரு நிறம். எங்கள் ஊரில் யார் ஷேட் பார்த்தாலும் துணியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குத்தான் ஓடுவோம், தரையில் விரித்துத்தான் பார்ப்போம்.

லீஸ்பெத் யோசித்தார். "நான் அலுவலகத்தில் இருப்பவள். மணலில் படுத்துக் கிடப்பது யாப். அவர் சரி என்றால் சரி. நாளை மறுநாள் மதியம் பன்னிரண்டு மணிக்குள் அவர் கையெழுத்தோடு வா. இல்லாவிட்டால் நான் வேறு இடத்தில் கொடுத்துவிடுவேன்."

மறுநாள் யாப்பைப் பார்க்கப் பஸ் ஏறப் போனேன். பஸ் வந்தது, உள்ளே நாலு பேர் இடமில்லாமல் நின்றுகொண்டிருந்தார்கள். பின்னாலேயே காலியாக ஒன்று வரும் என்று விட்டுவிட்டேன். அடுத்தது ஒரு மணி நேரம் கழித்து வந்தது. கடைசி நிறுத்தத்தில் காத்திருந்த யாப் ஓய்வுபெற்ற தபால்காரர். எழுபது வயதிருக்கும், பனைமரத்தில் பாதி உயரம். கைகுலுக்கி, "ஒரு மணி நேரம் தாமதம்" என்றார். குறையாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னார். பிறகு ஒரு சைக்கிளை என்னிடம் தள்ளினார்.

அந்த சைக்கிளின் கைப்பிடியில் பிரேக் இல்லை. பெடலைப் பின்பக்கமாக மிதித்தால்தான் பிரேக் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் சைக்கிள் ஓட்டுகிற எல்லாருக்கும் இறக்கத்தில் சும்மா பின்னோக்கிச் சுற்றும் பழக்கம் உண்டு. ஒரு இறக்கத்தில் நானும் சுகமாகச் சுற்றினேன். சைக்கிள் நின்றது. நான் நிற்கவில்லை. விழுந்த இடம் மணல் என்பதால் எலும்பு தப்பியது. யாப் இறங்கி வந்து முதலில் சைக்கிளைத் தூக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "இப்போது மணலை நெருக்கமாகப் பார்த்துவிட்டாய்" என்றார்.

நெருக்கமாகப் பார்த்ததில்தான் எனக்குப் புரிந்தது, அது ஒரு நிறம் இல்லை. வெள்ளை, பழுப்பு, கருப்பு, நொறுங்கிய கிளிஞ்சலின் இளஞ்சிவப்பு எல்லாம் கலந்து கிடந்தது. எங்கள் பனியன் பாஷையில் சொன்னால் மெலாஞ்ச், பல நிற இழை கலந்த நூல். மூன்று மாதமாக நான் ஒற்றைச் சாயத்தில் தேடியிருக்கிறேன். நான்காவதில்தான் அதிர்ஷ்டவசமாக நூலிலேயே கொஞ்சம் கலவை இருந்தது. எனக்குள் ஒரு சின்ன நம்பிக்கை எழுந்து உட்கார்ந்தது.

அன்று முழுக்க யாப் சுற்றிக் காட்டினார். கடல் கொண்டுவந்து போடும் மணலைக் காற்று அள்ளி வந்து மேடு மேடாகக் குவிக்கிறது. அந்த மேட்டை நிறுத்தி வைத்திருப்பது ஒரு கோரை மாதிரியான புல். மணல் மூட மூட அதற்கு மேலே வளர்ந்து, கீழே வேரால் பின்னிக்கொண்டே போகிறது. ஒரு தையல் விட்டுப் போனால் முழு மேடும் பிரிந்துவிடும், அதனால்தான் புல்லை மிதிக்க விடமாட்டோம் என்றார். அந்த ஊர்த் தையல் மெஷினுக்குச் சத்தமே இல்லை. மேடுகளுக்கு நடுவே பள்ளங்களில் தண்ணீர் நின்றது. ஓரத்தில் ஒரு தேரை தவளைபோலத் தாவாமல், எலிபோல விடுவிடுவென்று ஓடியது. கழுத்துப்பக்கம் பச்சையடித்த பல்லி ஒன்று வெயிலுக்குக் காத்திருந்தது. வெயில்தான் இல்லை. வானம் முழுக்க மேகம்.

அந்தப் பக்கம் திரும்பினால் மாடு. உடம்பெல்லாம் சடைமுடி, முகத்தில் கண் தெரியாத அளவு முடி, அகலக் கொம்பு. புதர் மண்டிவிடாமல் மேய்வதற்காக விட்டிருக்கிறார்களாம். "எங்கள் காங்கயம் மாட்டைப் பார்த்தால் நீங்கள் இதற்கு முதலில் முடி வெட்டிவிடுவீர்கள்" என்றேன். எங்கள் கொறங்காட்டைப் பற்றிச் சொன்னேன். மேய்ச்சலுக்கென்றே விட்ட நிலம், சுற்றிலும் கிளுவை முள் வேலி, ஒரு காடு மேய்ந்து முடிந்ததும் அடுத்த காட்டுக்கு மாடு மாறும். யாப் நின்று கேட்டார். "எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க யாரையோ வரவழைத்தோம். உங்களிடம் அது முன்பே இருந்திருக்கிறது" என்றார். நான் ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி தலையாட்டினேன்.

சாயங்காலம் பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றினார். ஒரு தகர டப்பாவைத் திறந்தார். எனக்கு ஒரு பிஸ்கட், அவருக்கு ஒரு பிஸ்கட். டப்பாவை மூடினார். மூடிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. "இன்னொண்ணு எடுத்துக்குங்க" என்று நாலு முறை கேட்டு, நாலு முறை மறுத்து, ஐந்தாவது முறை எடுக்கிற ஊரில் பிறந்தவன் நான். எனக்கு அந்த டப்பா கண்முன்னே கோயில் நடை சாத்திய மாதிரி இருந்தது.

"சட்டை எப்படிங்க?" என்றேன்.

"மேகத்தில் சொல்ல முடியாது. நாளை காலை வெயில் வரும், ஏழு மணிக்கு வா."

வெளிச்சத்தின் அருமை தெரிந்த மனிதர். அவரைக் கும்பிடலாம் என்றிருந்தது. அறைக்கு வந்து அட்டையைத் தலையணைக்கு அடியில் வைத்தேன். அன்றும் கரண்ட் போய்விட்டது.

அடுத்த நாள் பளீரென்று வெயில். யாப் சொன்ன இடத்தில் முழங்கால் உயரக் குச்சிகளை நட்டு மெல்லிய கயிறு கட்டியிருந்தது. ஒரு குச்சியில் பலகை. அதில் டச்சு எழுத்தும் ஒரு குருவிப் படமும். நான் என்ன படித்தேன் என்று கேட்காதீர்கள். நாலு கலர் ஸ்கிரீன் பிரிண்ட், ஓரம் கொஞ்சம் பிசிறு, எங்களிடம் கொடுத்திருந்தால் இன்னும் சுத்தமாக வந்திருக்கும் என்றுதான் படித்தேன். சைக்கிளில் விட்ட தொலைநோக்கியை எடுத்து வர யாப் போனார்.

கயிற்றுக்கு இந்தப்பக்கம் மணல் முழுக்கக் காலடித் தடம். அந்தப்பக்கம் இஸ்திரி போட்ட மாதிரி சுத்தம். ஷேட் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் வேலி என்றால் முள். கயிறு என்றால் மாடு கட்டுவது. அங்கே மாடு இல்லை. நான் தாண்டினேன். அரை மீட்டர் துணியை உதறி மணலில் விரித்து, நாலடி தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். துணி மணலில் கரைந்திருந்தது. சந்தோஷத்தில் வாய்விட்டு "மாப்ள, பாஸாயிருச்சுடா" என்றேன். மாப்பிள்ளை அவிநாசியில் இருந்தான்.

அப்போது ஒரு சின்னப் பறவை காலடியில் வந்து விழுந்தது. கழுத்தில் கருப்பு வளையம், ஆரஞ்சுக் கால். ஒரு பக்கச் சிறகைத் தரையில் இழுத்துக்கொண்டு கத்தியபடி தத்தித் தத்திப் போனது. பாவம், சிறகு ஒடிந்துவிட்டது. அடிபட்ட கோழியைப் பிடிக்கிற மாதிரி முதுகை வளைத்து இரண்டு கையையும் விரித்து, "பா, பா, பா" என்று பின்னாலேயே போனேன். அதுவும் ஒரு கைப்பிடித் தூரத்தில் போய்க்கொண்டே இருந்தது. நல்ல தூரம் என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டு, எந்த ஒடிசலும் இல்லாமல் எழுந்து பறந்தது.

"நில்." யாப்பின் குரல். உரக்கக்கூட இல்லை. "காலைத் தூக்காதே. அப்படியே நில்."

என் காலடித் தடத்திலேயே தன் காலை வைத்து அவர் நடந்து வந்தார். துணி இருந்த இடத்தில் குனிந்து அதன் முனையை இரண்டு விரலால் தூக்கினார். அடியில் மணலில் ஒரு சின்னக் குழிவு. அதில் நான்கு முட்டை. மணல் நிறம், மேலே கருப்புப் பொட்டு. துணியை எடுத்த பிறகும், அவர் விரல் நீட்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. துணி விரிக்க நான் கால் வைத்த இடத்துக்கும் அதற்கும் ஒரு முழம்கூட இல்லை.

வெட்கத்தில் எனக்கு முதுகு வேர்த்தது. அது உப்புக்கொத்திக் குருவி. எங்கள் காட்டில் ஆள்காட்டிக் குருவி இதே மாதிரிதான் வெறுந்தரையில் முட்டையிடும், ஆளைக் கூட்டிலிருந்து விலக்க இதே மாதிரிதான் சிறகொடிந்த நாடகம் போடும். உழவுக்கு வருகிற டிராக்டர்கூட அந்த இடத்தை விட்டு வளைந்து போகும். அதைப் பார்த்து வளர்ந்தவன் கடல் தாண்டி வந்து முட்டையின் மேல் துணி விரித்திருக்கிறேன்.

"நீ நல்ல மனிதன். ஆனால் இப்போது செய்தது முட்டாள்தனம்" என்றார் யாப். "இந்தக் கரையில் இந்த வருடம் தங்கிய ஒரே ஜோடி இதுதான். மற்றதெல்லாம் ஆட்களைப் பார்த்துப் போய்விட்டன. காற்று குளிர்கிறது. சீக்கிரம் வந்து உட்காராவிட்டால் முட்டை ஆறிவிடும்."

வந்த தடத்திலேயே வெளியேறினோம். கயிற்றுக்கு இந்தப்பக்கம் ஒரு சரிவைக் காட்டி என்னைக் குப்புறப் படுக்கச் சொன்னார். கால்சட்டை நிறம் தெரியாமல் கால்களைப் புல்லுக்குள் நுழைக்கச் சொன்னார். "நான் அவள் கண்ணெதிரே நடந்து போகிறேன். ஆள் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வாள். பாதையில் யாரும் வராமல் நிறுத்தி வைக்கிறேன். அவள் வந்து உட்கார்ந்தாளா என்று நீ பார்த்துச் சொல்ல வேண்டும். அசையாதே."

மாதிரிச் சட்டையோடு படுத்தேன். எறும்பு கழுத்தில் ஏறியது, அசையவில்லை. மூக்கில் மணல், தும்மவில்லை. குருவி தூரத்தில் ஓடுவதும் நிற்பதும் பார்ப்பதுமாக இருந்தது. பத்தடி வரும், திரும்பிப் போகும். ஆர்டர் எல்லாம் மறந்துபோயிற்று. வந்து உட்காரு தாயி, உன் ஊட்டுக்கு வந்தது தப்புத்தான், வந்து உட்காரு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே கிடந்தேன்.

அப்போதுதான் போன் ஞாபகம் வந்தது. வயிற்றுக்கு அடியில், கால்சட்டைப் பையில். ஊரில் மதியச் சாப்பாடு முடிந்து செந்தில் கூப்பிடுகிற நேரம். சாயப்பட்டறையில் வேறு எங்களுக்காகக் காத்திருக்கிறார்கள். என் போனில் அவன் பெயருக்கு அவனே வைத்துத் தந்த மணி, கல்யாண வீட்டுக் கெட்டிமேளம். குருவி முட்டைக்கு மூன்றடியில் நிற்கிறது. இந்த நேரத்தில் தவிலும் நாதஸ்வரமும் கிளம்பினால் அது இந்தக் கண்டத்தையே விட்டுப் போய்விடும்.

கையை நகர்த்தினேன். ஒரு விரல் அளவு நகர்த்தி, நிறுத்தி, குருவியைப் பார்த்து, இன்னொரு விரல். சொந்தப் பையிலேயே பிக்பாக்கெட் அடிக்க அவ்வளவு நேரம் பிடித்த ஆள் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன். கடைசியில் பொத்தானைத் தொட்டேன். அழுத்தினேன். அழுத்துவதற்கு ஒன்றும் இல்லை. போன் எப்போதோ செத்துப் போயிருந்தது. மூன்று இரவு கரண்ட் போன புண்ணியம், பவர் பேங்க்கும் தீர்ந்திருந்தது.

தலையைத் தூக்காமல் பார்த்தேன். குருவி முட்டைகளை அலகால் ஒருமுறை திருப்பிவிட்டு, உடம்பைச் சிலிர்த்து, மெல்ல அமர்ந்தது. என்னை நேராகத்தான் பார்த்தது. பார்த்துவிட்டு, கண்டுகொள்ளாமல் காற்றுக்கு முகம் கொடுத்து உட்கார்ந்துகொண்டது.

எவ்வளவு நேரம் கழித்து என்று தெரியாது, யாப் தவழ்ந்து வந்து என்னைத் தாண்டிக் கொஞ்சம் போய்விட்டுத் திரும்பினார். "எங்கே இருக்கிறாய்?" என்று மெல்லக் கேட்டார். "இங்கதானுங்க" என்று தமிழிலேயே சொன்னேன். அவர் கூட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நாங்கள் ஊர்ந்து பின்னால் போய், மேட்டுக்கு மறுபுறம் உட்கார்ந்தோம். காபி ஊற்றினார். டப்பாவைத் திறந்து ஒன்று தந்தார். மூடினார். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, டப்பாவை மறுபடி திறந்து என் பக்கம் நீட்டினார். நான் மறுக்கவே இல்லை. ஊர் வழக்கப்படி மறுத்துவைத்தால் மூடிவிடுவார்.

"நடந்ததை லீஸ்பெத்திடம் நான் சொல்லுவேன்" என்றார்.

"சொல்லுங்க. அதுக்கு முன்ன நானே சொல்லணும்."

ஒப்புதல் தாளை நீட்டினேன். பென்சிலால் நிதானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அதை லீஸ்பெத்தின் மேசையில் வைத்து, கயிறு தாண்டியதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. "இனி வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல எங்களுக்கு ஒரு கதை கிடைத்தது. உன் பெயரோடு சொல்லுவோம்" என்றார். பிறகு தாளை எடுத்து உரக்கப் படித்தார். "சட்டை சரி. தலை மிகவும் கருப்பு. அதே துணியில் தொப்பியும் தேவை."

ஆர்டரோடு தொப்பியும் சேர்ந்தது. விடுதியைக் காலி செய்யும்போது வரவேற்புப் பெண் அட்டையை வாங்கிக்கொண்டு, "இதைச் சுவரில் செருகி வைத்தால்தான் அறைக்கு மின்சாரம். எல்லாருக்கும் தெரிந்திருக்கும், உங்களுக்கும் சொன்னேனா?" என்றார். தெரியும் என்றேன். மரியாதைக்கு.

சட்டைகள் தைத்து முடிந்து பெட்டி கட்டிக்கொண்டிருந்த நாளில் யாப் ஒரு படம் அனுப்பினார். கீழே 'நான்கும் பொரிந்துவிட்டன' என்று ஒரு வரி. படத்தில் வெயிலடிக்கும் மணல் மட்டும்தான் இருந்தது. பெரிதாக்கி, இன்னும் பெரிதாக்கித் தேடிய பிறகு ஒரு கண் தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு குஞ்சு, பக்கத்தில் இன்னொன்று. நான்கையும் எண்ணி முடித்தேன். போனைச் செந்திலிடம் கொடுத்து ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினேன்.

அவன் போனை வாங்கிக்கொண்டு டியூப் லைட்டுக்கு அடியிலிருந்து வாசலுக்குப் போனான். வெயிலில் நின்று கண்ணைச் சுருக்கி வெகுநேரம் பார்த்தான்.

"இதுதானுங்க மச்சான் மேட்சிங்" என்றான். "எந்தச் சாயப்பட்டறைங்க?"